குடத்தைத் தூக்கப்போவது யார்?

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்ணிடம் மருத்துவமனை ஒரு தாளைக் கொடுத்தனுப்புகிறது. எந்த மாத்திரையை எப்போது உட்கொள்ள வேண்டும், தையல் பிரிக்க என்றைக்கு வர வேண்டும் என்ற குறிப்புகளுக்குக் கீழே பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: அறுவை செய்த பக்கத்துக் கையால் சில வாரங்களுக்குக் கனமான பொருள்களைத் தூக்கக் கூடாது. குழாயைத் திறந்தால் நீர் கொட்டும் வீட்டில் வாழ்பவருக்கு இது எளிய அறிவுரை. ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைக் கிராமத்தில் வாழும் பெண்ணுக்கு அவ்வரியின் பொருள் வேறு. ஒரு நெகிழிக் குடம் நிறைந்தால் ஏறத்தாழ 15 கிலோ. அப்படி நான்கைந்து குடங்களை ஏற்றிய தள்ளுவண்டியைத் தெருக்குழாயிலிருந்தோ ஊருணியிலிருந்தோ வீட்டுக்குத் தள்ளிவருவது இங்கே பெண்களின் அன்றாடக் கடமை. அந்தக் கை ஓய்வெடுக்க வேண்டும் என்றால் குடத்தைத் தூக்கப்போவது யார்? தாளில் அதற்கு விடை இருப்பதில்லை.

கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் மனைவிக்கு இந்த அறுவை சிகிச்சை நடந்தபோது, கணவனின் துணை என்றால் தைரியம் சொல்வது, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, பணம் கட்டுவது ஆகிய மூன்றும்தான் என்று எண்ணியிருந்தேன். தைரியம் சொல்வதில் எனக்குக் குறையே இல்லை. முப்பது ஆண்டுகள் வகுப்பெடுத்தவனுக்குப் பேச்சுக்கா பஞ்சம்? பேச்சைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு அரிசி களைய வேண்டும் என்பது புரிவதற்குப் பத்து நாள்களாயின. அந்தப் பத்து நாள்களில் என் மனைவி வலது கையொன்றாலேயே சமைத்துக்கொண்டிருந்தார்.

உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் கணிப்புப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 98 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்தியப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. அவர்களில் பெரும்பகுதியினர் குடும்பத்தைத் தாங்கும் வயதில் இருப்பவர்கள். சமைப்பவரும், நீர் கொணர்பவரும், பிள்ளைகளையும் மாமியாரையும் பார்த்துக்கொள்பவரும் அவரே. வீட்டில் வேறு யாருக்கு நோய் வந்தாலும் பார்த்துக்கொள்ள அவர் இருப்பார். அவருக்கே வந்தால்?

அறுவை சிகிச்சைக்குப் பின் உடலில் நிகழ்வதைக் கணவர்கள் ஓரளவேனும் அறிந்திருப்பது நல்லது. மார்பகத்தில் உள்ள கட்டியுடன் அக்குளில் உள்ள நிணநீர்க்கணுக்களையும் பல நேரங்களில் அகற்றுகிறார்கள். புண்ணுக்குள் தேங்கும் நீர் வெளியேற ஒரு வடிகுழாயும் அதன் நுனியில் சிறு குடுவையும் பொருத்தப்பட்டிருக்கும். அதை நாள்தோறும் அளந்து காலிசெய்து, அளவைக் குறித்துவைக்க வேண்டும். ஒரு நாளில் வடியும் நீர் 30 மில்லி அளவுக்குக் கீழே குறைந்த பின் குழாயை எடுப்பது பல மருத்துவமனைகளின் வழக்கம். இதற்கு ஓரிரு வாரங்கள் ஆகலாம். புள்ளிவிவரத்தோடு வாழ்ந்த எனக்கு இந்த வேலை பிடித்துப்போயிற்று. தேதி, நேரம், அளவு, நிறம் என்று நான்கு பத்தி வரைந்து குறித்தேன். திடீரென்று அளவு கூடினாலோ, நிறம் கலங்கினாலோ, துர்நாற்றம் வீசினாலோ மருத்துவரிடம் சொல்ல அக்குறிப்பு உதவும்.

அடுத்து நான் செய்தது பெரும் பிழை. குற்ற உணர்வு உந்தித் தள்ள, அவரை ஒரு துரும்பையும் எடுக்கவிடாமல் செய்தேன். தண்ணீர் டம்ளரையும் நானே நீட்டினேன். மூன்றாவது வாரம் மருத்துவமனைக்குச் சென்றபோது, அவரால் கையைத் தோள் உயரத்துக்குக்கூட உயர்த்த முடியவில்லை. இயன்முறை மருத்துவர், அவரை விட்டுவிட்டு என்னைத்தான் கடிந்துகொண்டார். கதிர்வீச்சு தரும்போது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துப் படுக்க வேண்டும். தோள் இறுகிவிட்டால் அதற்கும் இயலாது என்று விளக்கினார். விரல்களை மடக்கி விரிப்பது, முழங்கையை மடக்குவது போன்ற எளிய பயிற்சிகளை மருத்துவர் அனுமதியுடன் அறுவைக்கு அடுத்த நாளிலிருந்தே தொடங்கலாம். பின்னர் சுவரின் எதிரே நின்று விரல்களால் நண்டு ஊர்வதுபோல் மேலே மேலே ஏற்ற வேண்டும். எங்கள் வீட்டுச் சுவரில் அன்றாடம் எட்டிய உயரத்தை என் மனைவி பென்சிலால் கோடிட்டுவைத்தார். சுவருக்கு வெள்ளையடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னார்.

நிணநீர்க்கணுக்களை எடுத்த கையில் வடிகால் குறைந்துவிடுவதால், சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக்கூட வீக்கம் வரும். மோதிரம் இறுகுவதும், வளையல் ஏறாமல் போவதும், கை கனப்பதும் அதன் முதல் அறிகுறிகள். இதற்கு அஞ்சித்தான், வாழ்நாள் முழுவதும் அக்கையால் எதையும் தூக்கக் கூடாது என்று முன்பு சொல்லிவந்தார்கள். ஆனால், கைவீக்கம் உள்ள 141 பெண்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வு, தகுந்த மேற்பார்வையில் சிறிது சிறிதாக எடையைக் கூட்டித் தூக்கும் பயிற்சி வீக்கத்தை அதிகரிக்கவில்லை என்று காட்டியது. ஆகவே, முதல் வாரங்களில் குடத்தைக் கணவன் தூக்க வேண்டும். பிறகு கால் குடம், அரைக் குடம் என்று அவர் தூக்கத் தொடங்கும்போது குறுக்கே நிற்காமலும் இருக்க வேண்டும். இரண்டாவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

பாம்பன், மண்டபம் பகுதிக் கடலில் பாசி எடுக்கும் பெண்களுக்கு இது பிழைப்பு பற்றிய கேள்வி. மன்னார் வளைகுடாவின் தீவுகளை ஒட்டிய ஆழம் குறைந்த நீரில், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பறித்து இடுப்புப் பையில் சேர்ப்பவர்கள் அவர்கள். பாறையும் பவளப்பாறைச் சில்லுகளும் கையைக் கிழிப்பது வழக்கமான ஒன்று. நிணநீர்க்கணுக்கள் அகற்றப்பட்ட கையில் சிறு கீறல்கூடக் கிருமித் தொற்றாகி வீக்கத்தைத் தூண்டக்கூடும். அப்பெண் மீண்டும் கடலில் இறங்கலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இறங்கலாம் என்று அவர் சொன்னால், தடித்த கையுறையும், கரையேறியதும் நல்ல நீரில் கழுவி மருந்திடுவதும், கை சிவந்து சுட்டால் அன்றே மருத்துவரிடம் செல்வதும் இன்றியமையாதவை. "இனி நீ கடலுக்கே போக வேண்டாம்" என்று கணவன் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது அன்பாகத் தோன்றலாம். ஆனால், அப்பெண்ணின் சொந்த வருமானமும், அவர் கூட்டாளிகளோடு பேசிச் சிரிக்கும் நாள்களும் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விடுகின்றன.

இனி, நான் சொல்லக் கூசும் ஒரு செய்தி. முதல்முறை கட்டுப் பிரித்த நாளில் செவிலியர், "சார், நீங்களும் உள்ளே வரலாம்" என்றார். நான் மருந்து வாங்கிவருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டேன். மருந்து ஏற்கெனவே என் பையில் இருந்தது. நான் திரும்பியபோது மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இரு வாரங்களும் உடை மாற்றும்போது அவர் கதவைத் தாழிட்டுக்கொண்டார். முப்பது ஆண்டு மணவாழ்வில் எங்கள் வீட்டில் இல்லாத தாழ்ப்பாள் அது. பிறகு ஒருநாள் இரவு வடிகுழாய் எடுத்த இடத்தில் கசிவு இருப்பதாகச் சொல்லி அவரே அழைத்தார். அன்றுதான் தழும்பைப் பார்த்தேன். துடைத்து, பஞ்சு வைத்துக் கட்டினேன். இருவரும் எதுவும் பேசவில்லை. மறுநாள் கதவு தாழிடப்படவில்லை. அந்தச் செவிலியர் அழைத்த அன்றே நான் உள்ளே போயிருந்தால், அவர் இரண்டு வாரங்களைத் தனியே கழித்திருக்க வேண்டியதில்லை.

மருந்தேற்றும் சிகிச்சையான கீமோதெரபியை வழக்கமாக 21 நாள்களுக்கு ஒரு சுற்றாகத் தருகிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னர் ஏறத்தாழ ஏழாவது நாள் முதல் பதினான்காவது நாள் வரை வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும். இந்நாள்களில் காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினால், அது நள்ளிரவானாலும் விடியும்வரை காத்திருக்கலாகாது. வீட்டில் ஒரு வெப்பமானி கட்டாயம் வேண்டும். காய்ச்சல் மாத்திரை கொடுத்துத் தணித்துவிட்டுப் பேருந்தை எதிர்பார்ப்பது ஆபத்து. ராமேசுவரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். அவ்வளவு தொலைவை நினைத்துத் தயங்காமல், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் சென்று, "கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர், காய்ச்சல்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி, இந்த வகையில் இப்பகுதியினருக்கு ஓர் ஆறுதல்.

உறவினர் தரும் அறிவுரைகளையும் கணவன்தான் வடிகட்ட வேண்டும். அறுவை நடந்த உடம்புக்கு மீன் ஆகாது, கரப்பான், சீழ் கோக்கும் என்பார்கள். புண் ஆறுவதற்குப் புரதம் தேவை; கடற்கரையில் எளிதாகக் கிடைக்கும் புரதம் மீன்தான். மருத்துவர் தடுக்காதவரை, நன்கு வேகவைத்த மீனையும் முட்டையையும் பருப்பையும் மறுக்க வேண்டியதில்லை. தனித்தட்டு, தனித்தம்ளர் வைப்பதற்கும் காரணம் எதுவுமில்லை, இந்நோய் தொற்றுவதில்லை. வெளியிலிருந்து கதிர்வீச்சு பெற்றவரின் உடலில் கதிர் தங்குவதுமில்லை. பேரக்குழந்தையை அவர் மடியில் தாராளமாக உட்கார்த்தலாம். எங்கள் உறவினர் ஒருவர் வந்து வாசலோடு நின்றுவிட்டுப் போனார். அவரை உள்ளே அழைத்து, மனைவி தொட்டுத் தந்த காப்பியை அவர் எதிரிலேயே நான் குடித்துக்காட்டினேன். அது கொஞ்சம் நாடகத்தனமான செயல்தான். ஆனாலும் பயன் தந்தது.

என் கதை இங்கே முடியலாம். என்னிடம் ஈட்டிய விடுப்பு இருந்தது. விடுப்பில் இருந்தபோதும் ஊதியம் வந்தது. அந்த ஆண்டு நான் கல்லூரிக்குச் செல்லாத நாள்கள் 53 என்று என் குறிப்பேடு சொல்கிறது. அதற்காக நான் ஒரு ரூபாயையும் இழக்கவில்லை. ஆனால், மதுரையில் நாங்கள் காத்திருந்த கூடத்தில் எங்களோடு அமர்ந்திருந்த ஒருவருக்கு அப்படியில்லை. மண்டபத்தை அடுத்த ஓர் ஊரைச் சேர்ந்த அவர், விசைப்படகில் பங்குக்குப் போகும் தொழிலாளி. அவருடைய மனைவிக்கும் என் மனைவிக்கும் ஒரே நாளில்தான் கீமோ. முதல் நான்கு சுற்றுகளுக்கும் அவர் தவறாமல் வந்தார். மனைவிக்கு வாந்தி வந்தால் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்வார். ஐந்தாவது சுற்றில் அந்தப் பெண் மட்டும் தனியே வந்திருந்தார். கேட்டபோது, "கடல் திறந்துட்டாங்க சார்" என்றார்.

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள். அவருடைய மனைவியின் முதல் நான்கு சுற்றுகள் தற்செயலாக அந்நாள்களை ஒட்டி அமைந்தன. அவர் நல்ல கணவராக இருப்பதற்குக் காலம் இடம்கொடுத்தது. ஜூன் 15-க்குப் பிறகும் அவர் அதே மனிதர்தான். ஆனால், படகில் ஏறாதவனுக்குப் பங்கு கிடையாது. ஒரு முறை ஏறாவிட்டால் அடுத்த முறை அந்த இடத்தில் வேறொருவர் இருப்பார். ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட நேரும் மற்றொன்றின் மதிப்பை வாய்ப்புச் செலவு என்று மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். மனைவியின் தலையைத் தாங்குவதற்கும் அப்படியொரு விலை இருக்கிறது என்பது அக்கூடத்தில்தான் எனக்கு உறைத்தது. ஆறாவது சுற்றில் அந்தப் பெண்ணை நான் பார்க்கவில்லை. வேறு நாளுக்கு மாற்றிக்கொண்டாரா, சிகிச்சையை நிறுத்திவிட்டாரா என்று தெரியவில்லை. செவிலியரிடம் கேட்க இருமுறை எழுந்து, கேட்காமலே உட்கார்ந்தேன்.

விலை கொடுக்க வேண்டியிராத ஆண்களும் அப்படியொன்றும் முன்வந்துவிடுவதில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் 2019-இல் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். 2024-இல் இவை முறையே 289, 88. ஐந்து ஆண்டுகளில் பெண்களின் சுமை பத்து நிமிடம் குறைந்தது என்று மகிழ்வதற்குள், ஆண்களின் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருப்பதைக் காண்கிறோம். நான் தள்ளுவண்டியில் குடம் அடுக்கித் தெருவில் இறங்கிய முதல் நாளில், "ஏன் சார், வீட்ல அம்மா இல்லையா?" என்று மூன்று பேர் கேட்டார்கள். ஆண் தண்ணீர் எடுத்தால், வீட்டில் பெண் இல்லை என்று பொருளாம்.

2009-இல் அமெரிக்காவில் வெளியான இன்னோர் ஆய்வு, புற்றுநோய் முதலான கடும் நோய்களால் பாதிக்கப்பட்ட 515 பேரின் மணவாழ்வை ஆராய்ந்தது. நோயாளி பெண்ணாக இருந்தபோது 20.8 விழுக்காட்டினரும், ஆணாக இருந்தபோது 2.9 விழுக்காட்டினரும் பிரிந்திருந்தனர். நம் ஊரில் மணமுறிவு அந்த அளவுக்கு வராது என்று நாம் தேற்றிக்கொள்ளலாம். ஆனால், ஓய்வுக்கு என்று தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டுத் திரும்ப அழைக்கப்படாத பெண்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

அரசு செய்துள்ளவை சிறியவை அல்ல. 1954-இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்ட காலத்தில், ராமேசுவரத்துப் பெண் சிகிச்சைக்காகச் சென்னைக்குத்தான் போக வேண்டியிருந்தது. இன்று மதுரையிலேயே அரசு சிகிச்சை கிடைக்கிறது. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் ரூ.1.20 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்கள் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். ரயிலில் சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு சலுகை உண்டு. படுக்கை வசதிப் பெட்டியில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை. அதற்குரிய சான்றை மருத்துவமனையில் கேட்டுப் பெற வேண்டும். பழைய பாம்பன் ரயில் பாலம் 2022 டிசம்பரில் மூடப்பட்டது முதல் 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டதுவரை தீவு மக்களுக்கு இச்சலுகை பாலத்தின் மறுகரையில்தான் கிடைத்தது என்பது வேறு கதை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. தோள் இறுகிய பெண்கள் இதைக் கேட்டுப் பெறலாம், பலர் கேட்பதில்லை.

இவற்றில் எதுவும் உடனிருப்பவர் இழக்கும் கூலியைத் தொடவில்லை. அறுவை அரங்கின் செலவைக் காப்பீடு ஏற்கிறது. மூன்று முதல் ஐந்து வாரங்கள் வரை, வாரத்துக்கு ஐந்து நாள் கதிர்வீச்சுக்காக மதுரையில் தங்கும் இருவரின் சோற்றுக்கும் அறைக்கும் என்ன வழி? காசநோயாளிகளின் ஊட்டச்சத்துக்காக 2018 முதல் மாதம் ரூ.500 வழங்கிய மத்திய அரசு, 2024 நவம்பரில் அதை ரூ.1,000 ஆக உயர்த்தியது. தடைக்காலத்தில் மீனவக் குடும்பத்துக்குத் தமிழக அரசு தரும் நிவாரணம் ரூ.8,000. வேலைக்குப் போக முடியாத நாளுக்கு ஈடு தருவது நமக்குப் புதிய கொள்கை அல்ல. காப்பீட்டுத் திட்டத்தில் கீமோ, கதிர்வீச்சு நாள்களுக்கு மட்டுமாவது, உடன்வரும் ஒருவருக்குக் குறைந்தபட்ச ஊதியத்தையும் பேருந்துக் கட்டணத்தையும் நோயாளியின் வங்கிக் கணக்கில் சேர்க்கலாம். சிகிச்சை நாள்கள் மருத்துவமனையின் பதிவேட்டிலேயே இருப்பதால் சரிபார்ப்பதும் எளிது. பாதியில் நின்றுபோகும் சிகிச்சைக்கு ஏற்கெனவே செலவான பணத்தோடு ஒப்பிட்டால் இத்தொகை சிறியது.

என் மனைவி ஐந்து ஆண்டு மாத்திரையை 2023-இல் முடித்தார். அந்த மாத்திரையால் நள்ளிரவில் திடீரென்று உடல் கொதித்து எழுவார்; நானும் எழுந்து மின்விசிறியைக் கூட்டுவேன். இப்போது அவர் ஆண்டுக்கொரு முறை பரிசோதனைக்குச் செல்கிறார். எங்கள் தெருவில் குழாய்நீர் வரும் நாளில் வண்டியை நான் தள்ளுகிறேன். குடங்களை இறக்கிவைப்பது அவர். முக்கால் குடத்துக்கு மேல் நான் நிரப்புவதில்லை. அதைக் கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது. சென்ற வாரம் குழாயடிக்கு அவரே வந்து நின்றார்.